உப்புப் பார்த்த மண்

வாப்பா,

இதை எழுதும்போதும் என் கையில் அந்த வாசனை இருக்கிறது. சவர்க்காரம் போட்டுக் கழுவியும் போகவில்லை. மழை ஓய்ந்து மண் இளகிக் கிடக்கும் இந்த மாசிக் காலையில், வேலியோரம் நீங்கள் குவித்துவிட்டுப் போன சாதாழைக் குவியலில் மண்வெட்டியை வைத்தேன். மேலே பழம்பாயைப் போலக் காய்ந்த ஒரு படை. அதைப் புரட்டியதும் உள்ளே கறுப்பாக, ஈரமாக, தேயிலைச் சாயம் வடித்த சக்கையைப் போல உதிர்ந்தது. கடல் மணக்கப்போகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடல் மணக்கவில்லை. மழை விழுந்த காட்டு மண் மணந்தது. அப்படியே குந்திவிட்டேன்.

சோளகக் காற்றில் கடலுக்குப் போக முடியாத நாட்களில், கரையொதுங்கிய அந்தச் சாதாழைக் கடற்புல்லை உரப்பைகளில் அடைத்து, சைக்கிளில் கட்டி இழுத்து வந்தீர்கள். ஐப்பசி மழை தொடங்கிய கிழமை மௌத்தாகிவிட்டீர்கள். அதற்குப் பிறகு பெய்த மாரி முழுவதும் உங்கள் குவியலின் மேல் பெய்தது. நீங்கள் பார்க்காத மழை, நீங்கள் விட்டுப்போன வேலையைச் செய்து முடித்திருக்கிறது.

உம்மா இன்னும் இத்தாவில் இருக்கிறார். கணவனை இழந்தவள் வீட்டுக்குள்ளேயே கழிக்கும் அந்த மாதங்கள் முடியப்போகின்றன. முடிந்ததும் கூட்டிப்போக வேன் அனுப்புகிறேன் என்று புத்தளத்திலிருந்து உம்மாவின் தங்கை, சாச்சி, சொல்லியிருக்கிறார். "இனி அங்க ஆருக்காக இருக்கிற ராத்தா?" என்று அவர் தொலைபேசியில் கேட்டது எனக்கும் கேட்டது. உம்மா சொன்னது ஒரு சொல்தான்: "பாப்பம்."

போகாதீங்க என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கந்தோரில் ஒரு கையொப்பம் வாங்கவே கதவு வரைக்கும் போய்த் திரும்பி வருகிறவள் நான். உங்களுக்குத் தெரியாததா? அதனால்தான் இன்று மண்வெட்டியை எடுத்தேன். பேசத் தெரியாதவளுக்கு வேறு என்ன வழி இருக்கிறது?

நீங்களும் இப்படித்தானே தொடங்கினீர்கள்.

சண்டை முடிந்ததும் நீங்கள் நம் சொந்த ஊரான சிலாவத்துறைக்குத் திரும்பிவிட்டீர்கள். என் படிப்புக்காக நாங்கள், அகதிகளாய்ப் போய்ச் சேர்ந்த புத்தளத்திலேயே இருந்தோம். நான் பட்டம் வாங்கிய பிறகுதான் உம்மா இங்கே வரச் சம்மதித்தார். வந்து இறங்கிய அன்று முற்றத்தில் நின்று சுற்றிப் பார்த்தார். மணல், ஒரு உடைமரம், அதன் நிழலில் யாருடையதோ ஒரு ஆடு. புத்தளத்தில் அடுப்படிக் கதவைத் திறந்தால் கத்தரியும் கொச்சி மிளகாயும் கைக்கு எட்டும். "கறிக்குக் கொச்சிக்காய் எங்க ஆயிற?" என்று கேட்டார். "கடையில" என்றீர்கள். உம்மா உள்ளே போய்ச் சாமான்களை அவிழ்த்தார். ஒரு பெட்டியை மட்டும் அவிழ்க்காமலே அலுமாரிக்கு மேல் ஏற்றி வைத்தார். ஒரு வருசம் பாப்பம் என்றார்.

அந்தப் பெட்டியை நீங்கள் அண்ணாந்து பார்த்ததை நான் பார்த்தேன். மறுநாள் கடலுக்குப் போகவில்லை. மண்வெட்டியோடு முற்றத்தில் நின்றீர்கள்.

தோட்டம் செய்யத் தெரியாத மனிதர் தோட்டம் செய்த அழகு! பாத்தியின் நீளத்தை இரண்டு கைகளையும் விரித்துப் பாகக் கணக்கில் அளந்தீர்கள், கடலாழம் சொல்வதைப் போல. ஆடு வராமல் பழைய வலையைச் சுற்றிக் கட்டினீர்கள், மிதப்புகளைக்கூடக் கழற்றாமல். பெரியமடுவிலிருந்து கத்தரிக் கன்று வாங்கி வந்தீர்கள். பசளைக்கு எங்கே போவது? கடல்தானே உங்களுக்குத் தெரிந்த கடை. அன்று காலை கரையில் ஒதுங்கிய சாதாழையை அன்று மாலையே பாத்தியில் பரப்பி, மணலால் மூடி, கன்றுகளை நட்டீர்கள். மிஞ்சியதை வேலியோரம் எறிந்தீர்கள்.

கிழமை முடியுமுன் இலைகளின் விளிம்பு கருகத் தொடங்கியது. ஒரு இலையைப் பொலித்தீன் பைக்குள் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தீர்கள்.

"மகள், இதுக்கு உங்கட கெம்பஸில என்ன சொல்லுவாங்க?"

"வாப்பா, நான் படிச்சது வரலாறு."

கொஞ்சம் யோசித்தீர்கள். "அப்ப, முந்தி ஆருக்கும் இப்பிடி நடந்திருக்கா எண்டு பாரு."

உம்மா அடுப்படிக்குள் சிரித்ததை நீங்கள் கேட்கவில்லை. வெளியே வந்தபோது முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டார். "கடலக் கொண்டுவந்து முத்தத்தில கொட்டிப்போட்டு, கத்தரி காய்க்கட்டாம்" என்று ஆட்டைப் பார்த்துச் சொன்னார். உங்களுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் அந்தக் காலத்தில் உம்மா அந்த ஆட்டுக்குத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

கன்றுகள் எல்லாம் பட்டன. நீங்கள் மறுபடி கடலுக்குப் போகத் தொடங்கினீர்கள். பெட்டி அலுமாரிக்கு மேலேயே இருந்தது. சோளகம் வந்து போனது. மாரி வந்து பெய்தது. வேலியோரம் எறிந்த மிச்சக் குப்பையை எல்லோரும் மறந்திருந்தோம்.

மழை வெளித்த ஒரு நாள் சுபஹு தொழுதுவிட்டு வந்து என்னை எழுப்பினீர்கள். சத்தம் போடாமல் வரச்சொல்லிக் கையைக் காட்டினீர்கள். அந்தக் குப்பையின் நடுவில் ஒரு முளை. பருத்த வெளிர்ப் பச்சைத் தண்டு வளைந்து நிமிர்ந்து, இரண்டு இலைகளையும் பாதி விரித்திருந்தது. ஒரு இலை நுனியில் விதையின் ஓடு தொப்பியைப் போல மாட்டிக்கொண்டிருந்தது. பூசணி. பக்கத்தில் ஒரு சாதாழைக் கட்டி, உங்கள் உள்ளங்கை அளவு, தூக்கி ஒருபக்கம் சரித்து வைத்தபடி கிடந்தது.

கடற்பசு தலை நீட்டி மூச்சு விடுவதைப் பக்கத்தில் கண்டவர் நீங்கள். இருட்டில் வலை இழுக்கும்போது தண்ணீர் நெருப்பாய் எரிவதைப் பற்றிச் சாதாரணமாகச் சொல்கிறவர். ஆனால் அந்த முளைக்கு முன்னால் குந்தி, சரிந்து கிடந்த கட்டியை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டீர்கள்:

"இவ்வளவு பாரத்தையும் ஆரு தள்ளினது?"

  சுப்ஹானல்லாஹ் என்று மூச்சோடு மூச்சாகச் சொன்னீர்கள்.

வீட்டுக்குள் திரும்பும்போது என்னை நிறுத்தி, உம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றீர்கள். உம்மா கழுவி ஊற்றிய தண்ணீரோடு விழுந்த விதையாக இருக்கும். அவளே கண்டுபிடிக்கட்டும், அப்பத்தான் அது அவளுடைய தோட்டமாகும் என்றீர்கள். அடுத்த நாள் உம்மா அரிசி கழுவிய தண்ணீரை அங்கே ஊற்றுவதைக் கண்டோம். நீங்கள் என் காலை மெல்ல மிதித்தீர்கள். கொடி வலையில் ஏறி, மிதப்புகளுக்கு நடுவில் காய்த்தது. முதல் காயை உம்மா அரிந்த அன்று, அலுமாரிக்கு மேலே பெட்டி இருக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் சாதாழை உப்புப் போக ஒரு மாரி நனைய வேண்டும் என்பது நமக்குப் பிடிபட்டது. சோளகத்தில் குவித்து, மழைக்கு விட்டு, மாசியில் திறப்பது உங்கள் வழக்கமாயிற்று. திறந்ததும் ஒரு கிள்ளு எடுத்து நாக்கில் வைப்பீர்கள், கருவாட்டுக்கு உப்புப் பார்க்கிற மாதிரி. "இனி மண்ணையும் ஆக்கித் தின்னப்போறாராம்" என்று உம்மா ஆட்டிடம் சொல்வார்.

இன்று நான் குந்தியிருந்ததை உம்மா அடுப்படி யன்னலால் பார்த்திருக்கிறார். பல நாட்களுக்குப் பிறகு அவருடைய குரல் உரக்க வந்தது.

"உப்புப் பாத்தியா?"

ஒரு கிள்ளு எடுத்து நாக்கில் வைத்தேன். மண்ணாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு நிச்சயமில்லை. அள்ளிப் பீங்கானில் போட்டு உள்ளே கொண்டுபோனேன். வெள்ளைச் சேலையோடு வாங்குப் பலகையில் இருந்த உம்மா, விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். வேன் வருமா வராதா என்பது அந்த விரல் நுனியில் இருப்பதாக எனக்குப் பட்டது.

"உப்பில்ல" என்றார்.

எழும்பிப்போய் ஒரு பால்மாத் தகரத்தோடு வந்தார். சாம்பலுக்குள் பூசணி விதைகள். என் கையில் கொட்டும்போது, உங்களைப் பற்றிப் பேசுகிற அந்தப் புதிய தாழ்ந்த குரலில் சொன்னார்: "பாவம் மனிசன். தானா விழுந்து முளைச்ச எண்டே நினைச்சிக்கிட்டுப் போயிட்டார். நான்தான் குத்தி வச்சன். மழை கண்ட குப்பைதானே, பாப்பம் எண்டு. கத்தரிக் கன்று பட்ட பிறகு அவர்ர மூஞ்சியப் பாக்க ஏலாமப் போச்சு."

விதைகளைக் கைக்குள் பொத்திக்கொண்டேன் வாப்பா. அவளே கண்டுபிடிக்கட்டும் என்று நீங்கள் ஒளித்தீர்கள். அவரே கண்டுபிடிக்கட்டும் என்று உம்மா ஒளித்திருந்தார். நடுவில் ஒரு கொடி, ஒன்றும் தெரியாததைப் போல ஏறிக் காய்த்துக்கொண்டிருந்தது. நீங்கள் சொன்னதை நான் இப்போதும் உம்மாவிடம் சொல்லவில்லை. ஒருநாள் சொல்வேன், முதல் காய் வரட்டும்.

உம்மா யன்னலடிக்குத் திரும்பிப் போய்ச் சொன்னார்: "சாச்சிக்கு எடுத்துச் சொல்லு, வேன் வேணாமாம். பூசணி இறங்கினா அவளை வரச்சொல்லு. சும்மா கையோட வரட்டும், போகேக்க தூக்கிக்கிட்டுப் போகலாம்."

உங்கள் பாத்தியின் அடையாளம் இன்னும் இருக்கிறது. நானும் கைகளை விரித்துத்தான் அளந்தேன். என் பாகம் சிறியது. உங்கள் கரைக்கு ஒரு சாண் முன்னாலேயே என் பாத்தி முடிந்துவிட்டது. அப்படியே விட்டுவிட்டேன்.

விதையைப் பெருவிரலால் அமத்தி மூடும்போது உங்கள் கேள்வி வந்தது. அதில் பாதிக்கு இன்று பதில் கிடைத்திருக்கிறது: கீழே தள்ளியது உம்மா. மேலே தள்ளியது யார் என்ற மிச்சப் பாதியை நான் வைத்திருக்கிறேன். நாளை சுபஹுக்குப் பிறகு அந்த இடத்தில் போய்க் குந்துவேன். நாளைக்கே முளைக்காது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் குந்துவேன்.

உங்கள் மகள்