கரி ரூம் வெல்லம்

சிங்காரப்பேட்டை,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மச்சானுக்கு, தில்ஷாத் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உங்கள் மகள் அஸ்மத்தும் நலம். நீங்கள் நலமா என்று வழக்கம்போல் கேட்க இந்த முறை பயமாக இருக்கிறது.

முந்தாநாள் கௌஸ் பாஷா லீவில் வந்தவர், நீங்கள் எப்போதும்போல் கொடுத்தனுப்பிய வெல்லப் பொட்டலத்தைக் கொண்டுவந்தார். உடனே பாயசம் வைத்து அவருக்கும் ஒரு டம்ளர் கொடுத்தேன். ஓசூர் வெல்லத்துக்கே தனி ருசி, எங்கள் வீட்டுக்காரர் தேடிப் பிடித்து வாங்கி அனுப்புகிறார் என்று பெருமை வேறு பேசினேன். மனிதர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். “அக்கா, இது கடையில வாங்கினது இல்ல. டயர் ரப்பர்ல கலக்கற கரித்தூள் ரூம்ல வேலை செய்யறவங்களுக்கு, ஷிப்ட் முடிஞ்சதும் தொண்டைக்குன்னு கம்பெனி குடுக்கறது. நாங்க அங்கயே வாயில போட்டுக்குவோம். காஜா அண்ணன் மட்டும் துண்டுல முடிஞ்சு வெச்சுக்குவாரு” என்றார்.

நல்ல ஆள்தான் நீங்கள்! உங்கள் தொண்டைக்குக் கொடுத்ததையா இத்தனை நாளாகப் பாயசமாகக் காய்ச்சிக் குடித்தோம்? பக்கத்து வீட்டு நாராயணம்மாவுக்குக்கூடக் கொடுத்தேனே. உங்களுக்கு இருமல் விடவே இல்லை என்பதையும் கௌஸ் பாஷா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

நேற்று ஊத்தங்கரை டாக்டரிடம் போனேன். வெல்லத்தை ஒழுங்காகத் தின்றால் போதும் என்று சொல்வார் என நினைத்தேன். அது தொண்டைக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான் என்றார். கண்ணுக்குத் தெரிகிற தூள் சளியில் வந்துவிடுமாம். கண்ணுக்கே தெரியாத பொடி நெஞ்சின் அடிவரை போய்த் தங்கிவிடுமாம். நீங்கள் வாயில் கட்டுகிற துணி அதைத் தடுக்காதாம். அது யாரை என்ன செய்யும் என்று அவராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. உடனே எக்ஸ்ரே எடுக்க வேண்டும், அந்த ரூமை விட்டு வெளியே வரவேண்டும் என்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னார்.

நீங்கள் ஏன் அங்கேயே கிடக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாதா? கரி ரூமில் ஆள் நிற்பதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றால் சீக்கிரம் பர்மனென்ட், பிறகு ஓசூரில் வீடு பிடித்து மூன்று பேரும் ஒன்றாக இருக்கலாம் என்றுதானே? அந்த வீடு எனக்கு வேண்டாம். பேக்கிங்கில் இடம் காலியாம். சூப்பர்வைசர் ராமப்பனிடம் கேளுங்கள். பர்மனென்ட் தள்ளிப் போனால் போகட்டும்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. பெருநாளுக்கு வந்தபோது, எத்தனை தடவை குளித்தும் போகாத கரி உங்கள் தலையணையில் ஒட்டியிருந்தது. நீங்கள் போன பிறகு நான் அதைத் துவைக்கவே இல்லை. அதில் கன்னத்தை வைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். நேற்று டாக்டரிடமிருந்து வந்ததும் வெந்நீரில் சலவை சோடா போட்டு ஊறவைத்தேன். அஸ்மத்தும் அதில்தானே படுக்கிறாள். துவைக்கத் துவைக்க எனக்கு அழுகை. அத்தா வாசனை போச்சு என்று அவள் என்னோடு பேசவில்லை.

மீதி வெல்லத்தைக் கௌஸ் பாஷாவிடமே கொடுத்தனுப்புகிறேன். தின்னுங்கள். ஆனால் அதை நம்பி அந்த ரூமில் நிற்காதீர்கள்.

தலையணை இப்போது வெள்ளை வெளேரென்று இருக்கிறது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. உங்கள் மூச்சை அல்லாஹ் காப்பானாக. ஒரு தடவை வந்து அதில் தலை வைத்துவிட்டுப் போங்கள், மச்சான்.

உங்கள்
தில்ஷாத்