நடுவட்டத்தில் எகிறுவது

1938 ஜனவரி 18, செவ்வாய். இரவு.

காலையில் மைதானத்துக்குத் தனியாகப் போனேன். முழங்கால் சவ்வு கிழிந்து எட்டு மாதம் ஆகிறது. கூடைப்பந்தில் ஒவ்வொரு கோல் விழுந்த பிறகும் நடுவட்டத்தில் பந்தைத் தூக்கிப் போடுவார்கள். எங்கள் டீமுக்காக எகிறி அதைத் தட்டிவிடுகிறவன் நான். எனக்குப் பேர் வந்ததே அந்த எகிறலால்தான். இன்று மூன்று தடவை எகிறிப் பார்த்தேன். மூன்றாவது தடவை கால் மடிந்து மண்ணில் விழுந்தேன். நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

சாயங்காலம் கேப்டன் கரீம் ராயப்பேட்டையிலிருந்து சைக்கிளில் வந்தான். அம்மா கொடுத்த காப்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

"புது ரூல் வந்துகீதுடா. கோல் போட்டா இனிமே நடுவுல எகிற வேணாமாம். ஆட்டம் ஆரம்பிக்க சொல்ல ஒரு தபா, அவ்ளோதான்."

காப்பியைக் குடிக்காமலே கீழே வைத்தான்.

"நீ திரும்பி வர்ற நேரத்துலயா இப்டி ஆவணும்?" என்றான்.

"அந்த ரூலை எழுதினவன் கை அழுகிப் போக" என்றாள் அம்மா.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். துக்கம் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் புது ரூலைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. என் எகிறல் காலால் போனது என்று இனி ஒருவருக்கும் தெரியவேண்டாம். ரூலால் போனது என்று ஊரே சொல்லும். கரீமும் சொல்வான்.

அம்மா எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு வருகிறாள். வலிக்கவில்லை என்றுதான் இன்றைக்கும் சொல்லவேண்டும்.