கண் படாத இடம்

பதிவு 211
மார்ச் 3. இந்திய நேரம் 09:00

கேபின் அழுத்தம் சரி. வெப்பம் சரி. நாற்பது ஆண்டெனாக்களில் முப்பத்தொன்பது வேலை செய்கின்றன. பதினேழாவது வழக்கம்போல் மக்கர். காற்று ஆலையின் வால்வு நேற்று மறுபடி ஒட்டிக்கொண்டது. வெளியே போய் ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டினேன், விட்டுவிட்டது. போக, தட்ட, வர மொத்தம் பத்து நிமிடம். வாரத்துக்கு இரண்டு முறையாவது இந்தக் கூத்து உண்டு. எனக்குப் பின் இங்கே வருபவர் கவனிக்கவும்: வலது பக்கம் தட்ட வேண்டும். இடது பக்கம் தட்டினால் வேலைக்கு ஆகாது.

என் பெயர் நிதர்சனா. வயது முப்பது. நிலாவின் மறுபக்கத்தில் இருக்கும் வானொலித் தொலைநோக்கி நிலையத்தின் ஒரே ஊழியர். மறுபக்கம் என்றால் பூமியைப் பார்க்கவே முடியாத பக்கம். பூமியின் இரைச்சல் எட்டாது என்பதால் தொலைநோக்கியை இங்கே வைத்தார்கள். நானும் அதே காரணத்துக்காகத்தான் வந்தேன். தனிமை உங்களைப் பாதிக்காதா என்று நேர்காணலில் கேட்டபோது, சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன்.

'எங்க வீட்டுக் கண்ணு' என்று சொன்னால் உங்களில் பலருக்கு ஞாபகம் வரும். ஈரோட்டில் என் அம்மா மேனகா நடத்திய சேனல். அந்தக் கண்ணு நான்தான். இரண்டு மாதக் குழந்தையாக இருந்தபோது தொடங்கினாள். பல் விழுந்தது, படுக்கையை நனைத்தது, கணக்கில் முட்டை வாங்கியது எல்லாவற்றையும் ஊரே பார்த்தது. பதினேழு வயதில் வீட்டை விட்டு வந்தேன். பதினெட்டில் வழக்குப் போட்டேன். எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லித் தீர்ப்பானது, அம்மாவும் அழித்தாள். அதற்கு முன்பே மொத்தத்தையும், ஆட்களின் முகங்களைச் சேர்த்துவைத்து விற்கும் ஓர் அடையாள வங்கிக்கு எழுதிக் கொடுத்திருந்தாள்.

இந்தப் பதிவேடு பூட்டுப் போட்டது. நானாகத் திறந்து கொடுக்கும்வரை யாரும் படிக்கக் கூடாது என்பது நிலைய விதி. அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவு எழுதுகிறேன். கதவில் முகம் பார்க்கும் கருவியை விட்டால், கேபினில் ஒரே ஒரு கேமரா. அதன்மேல் என் பழைய காலுறையை மாட்டிவைத்திருக்கிறேன்.

தரைக்கட்டுப்பாட்டிலிருந்து துணைக்கோள் வழியாக ஷிஃப்ட் பொறியாளர் ஜெபராணி அக்காவின் செய்தி: "நிதர்சனா, கதவெல்லாம் பாத்துக்குதே காவல், அதுக்கு இன்னைக்குப் புது மென்பொருள் ஏத்துதோம். இனி ஆளை அடையாளம் பிடிக்கிறதுல தப்பே வராதாம். நீ ஒண்ணும் செய்ய வேண்டாம்."

பதிவு 212
மார்ச் 4. 08:15

வால்வைத் தட்டிவிட்டுத் திரும்பி வந்தேன். வெளிக்கதவு திறக்கவில்லை.

காவல்: "முகம் பொருந்தவில்லை. அங்க அடையாளம், இடது கன்னத்தில் கறுப்பு மச்சம். காணப்படவில்லை."

எனக்கு மச்சமே கிடையாது. மூன்று முறை முகத்தைக் காட்டினேன், பணியாளர் எண்ணைச் சொன்னேன், கெட்ட வார்த்தையும் சொன்னேன். நாற்பது நிமிடம் சொந்த வாசலில் கடன்காரன் மாதிரி நின்றேன். பிறகுதான் உறைத்தது. அது மச்சம் இல்லை, திருஷ்டிப் பொட்டு. கண் பட்டுவிடக் கூடாதென்று அம்மா தினமும் காலையில் என் கன்னத்தில் மை வைப்பாள். வைத்த கையோடு கேமராவை ஆன் செய்வாள். புது மென்பொருள் செய்த மேதாவிகள் எனக்கு முகம் வாங்கிவந்தது அந்த அடையாள வங்கியிலிருந்துதான்.

ஸ்பேனரில் கிரீஸ் இருந்தது. கையுறை விரலால் தொட்டு, ஹெல்மெட் கண்ணாடியில் இடது கன்னத்துக்கு நேராக ஒரு பொட்டு வைத்தேன். கதவு திறந்தது. உள்கதவும் அதையே கேட்டது. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கன்னத்திலேயே வைத்துக்கொண்டேன்.

காவல்: "வாங்க கண்ணு!"

சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

பதிவு 213
மார்ச் 4. 11:00

சிரித்தது தப்பு. பொட்டு வைத்த காணொளிகள் எல்லாம் என் ஐந்து வயதோடு முடிகின்றன. பள்ளியில் சேர்ந்ததும் டீச்சர் வைக்கக் கூடாதென்று சொல்லிவிட்டார். ஆகவே காவலின் கணக்கில் இப்போது என் வயது ஐந்து. மருந்துப் பெட்டிக்குப் பூட்டு. அடுப்புக்குப் பூட்டு. உள்கதவுக்கும் பூட்டு. விண்வெளி உடையும் கருவிகளும் அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம். பெரியவர் துணையில்லாமல் குழந்தை வெளியே போகக் கூடாதாம். பொங்கலைச் சில்லென்று தின்றேன்.

ஜெபராணி: "தப்பு எங்க பக்கம்தான். பழைய மென்பொருளைத் திருப்பி ஏத்த நாப்பது மணி நேரம் ஆவும். பூட்டை மட்டும் தனியா எடுக்க முடியல. குழந்தைங்க பாதுகாப்புச் சட்டம், பெத்தவங்க அனுமதி இல்லாம யாரும் தொடக் கூடாதுன்னு எழுதி வச்சிருக்கு. உங்க அம்மாட்ட கேக்கட்டுமா?"

வேண்டாம் என்று பதில் அனுப்பினேன். பதின்மூன்று வருடமாக அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நாற்பது மணி நேரம் சில்லென்ற பொங்கல் தின்றால் செத்துவிட மாட்டேன்.

பதிவு 214
மார்ச் 5. 06:20

காற்று ஆலை ஆறு மணிக்கு நின்றுவிட்டது. வால்வுதான். கேபினில் மூன்று ஆட்டோவை நிறுத்தலாம், அவ்வளவுதான் இடம். மாலை ஆறரை வரை மூச்சு விடலாம். பழைய மென்பொருள் வந்துசேர நாளை அதிகாலை மூன்று ஆகும்.

வலது பக்கம் ஒரு தட்டு. பத்து நிமிடம். உள்கதவு திறக்க மாட்டேன் என்கிறது.

காவல்: "வெளியே போகணும்னா அம்மாகிட்ட கேக்கணும் கண்ணு."

பொட்டைத் துடைத்துப் பார்த்தேன். "அந்நியர்" என்றது. எல்லாத் திரைகளும் அணைந்தன, கேமராவும் தரையோடு பேசும் வழியும் சேர்த்து. தனிக் கருவி என்பதால் இந்தப் பதிவேடு மட்டும் பிழைத்தது. துடைத்த துணியிலிருந்த கிரீஸைத் தொட்டு மறுபடி பொட்டு வைத்தேன். மறுபடி கண்ணு ஆனேன்.

பதிவு 215
மார்ச் 5. 10:30

கதவின் கீலை ஸ்பூனால் நெம்பினேன். ஸ்பூன் வளைந்தது. அடுத்துச் செய்ய ஒன்றுமில்லை. அம்மாவைக் கூப்பிடச் சொல்லிவிட்டேன்.

ஏன் நான்கு மணி நேரத்தை வீணாக்கினாய் என்று நீங்கள் கேட்பீர்கள். பன்னிரண்டு வயதில், நான் பெரியவளான அன்று, குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். அம்மா வெளியே கேமராவோடு நின்றாள். லைவ் ஓடிக்கொண்டிருந்தது. "கதவத் தொற கண்ணு, எல்லாரும் காத்துட்டிருக்காங்க." இரண்டு மணி நேரம் இதையே சொன்னாள். கோபமே இல்லாமல், கொஞ்சலாகச் சொன்னாள். கடைசியில் திறந்தேன். அழுது வீங்கிய அந்த முகத்தைத்தான் முகப்புப் படமாக வைத்தாள். அவளை நான் மன்னிக்கவில்லை. சாகும்வரை மன்னிக்கப் போவதும் இல்லை.

பதிவு 216
மார்ச் 5. 12:10

அம்மாவின் குரல் வந்தது. என்னையறியாமல் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"கண்ணு... நெசமா நீதானா? சாப்ட்டியா சாமி?"

எல்லாவற்றையும் சொன்னேன். வால்வு, கதவு, ஆறரை மணி. அவள் போனில் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும்.

"அதுக்கென்ன கண்ணு, அமுக்கிட்டாப் போச்சு. ஆனா பாரு, இப்பெல்லாம் ஆரு கொரல்ல வேணாலும் ஆரு வேணாலும் பேசறாங்க. மொகத்தக் காட்டு. என்ற புள்ளைதான்னு தெரியோணுமல்ல?"

அவள் கேட்பது நியாயம்தான். அதுதான் வயிற்றெரிச்சல்.

பதிவு 217
மார்ச் 5. 14:00

கேமராவிலிருந்து காலுறையைக் கழற்றினேன்.

"ஐயோ, எளச்சுப் போயிட்டியே கண்ணு! பொட்டு வெச்சிருக்கறயா! மறக்கலியா நீ?" அம்மா அழுதாள். நடிப்பில்லை, நிஜமான அழுகை. எனக்கும் அழுகை வந்தது. அடுத்து சொன்னாள்: "அப்புடியே இரு. லைட்டுப் பக்கம் கொஞ்சம் திரும்பு."

அமுக்கு அம்மா, என்றேன்.

"ஏழு மணிக்கு லைவ் போட்டர்றேன். அப்பத்தான் சனம் வரும். பதிமூணு வருசம் கழிச்சு நம்ம கண்ணு! எல்லாரு முன்னாடியும் நானே கதவத் தொறந்து உடறேன்."

ஆறரைக்குக் காற்று தீர்ந்துவிடும் என்று மறுபடி சொன்னேன். சிரித்தாள்.

"பொறந்தநாளுக்கு மயங்கி உழுந்தியே, அதே மாதிரியே பண்றே. சொல்லிக் குடுத்ததே நாந்தான, எங்கிட்டயேவா?"

உண்மைதான். ஒன்பதாவது பிறந்தநாளில் கேக்கின் முன்னால் மயங்கி விழச் சொல்லிக் கொடுத்தாள். மூச்சைப் பிடி, கண்ணைச் செருகு, மெதுவாகச் சாய். மூன்று நாள் ஒத்திகை பார்த்தோம். எங்கள் சேனலில் அதிகம் பேர் பார்த்தது அதைத்தான். பார்த்து அழுதவர்கள் ஏராளம். நான் நன்றாகவே செய்திருந்தேன்.

பதிவு 218
மார்ச் 5. 16:40

தலை பிளக்கிறது. நகம் நீலம். எழுத்து தடுமாறுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜெபராணி: "கால்ல விழாத குறையாச் சொல்லிட்டேன் நிதர்சனா. நானும் நடிக்கேன்னு நினைக்காங்க. ஈரோட்டு வீட்டுக்குப் போலீஸ் போயாச்சு. அங்க இல்ல. எங்க இருக்காங்கன்னு கேட்டா, சஸ்பென்ஸ்னு சொல்லுதாங்க. அசையாதே. பேசாதே. காத்தை மிச்சம் பிடி, தாயி."

அக்கா அழுவது கேட்டது.

கேமராப் படத்தை அம்மா முன்னோட்டமாகப் போட்டுவிட்டாள். கமெண்டுகளை ஆசையாக எனக்குப் படித்துக் காட்டுகிறாள். "எல்லாரும் உன்னக் கேக்கறாங்க கண்ணு. ஒருத்தர் மட்டும் மூச்சு வாங்கறது ஓவர் ஆக்டிங்னு போட்டிருக்கறாரு. அதையெல்லாம் மனசுல வெச்சுக்காத."

அம்மா கதவைத் திற என்றேன். அம்மா கதவைத் திற. அம்மா.

"சூப்பர் கண்ணு. இதத் தனியா எடுத்துக்கறேன்."

பதிவு 219
மார்ச் 5. 18:05

வெட்கமாக இருக்கிறது. கெஞ்சினேன். மண்டியிட்டேன். கேமராவைப் பார்த்து, அவள் சொன்ன பக்கம் எல்லாம் திரும்பினேன். பதின்மூன்று வருடம் காப்பாற்றி வைத்த முகத்தைக் கொடுத்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

ஏழு வரை தாங்காது. எனக்குத் தெரியும்.

பொட்டை இப்போது துடைத்தால் அக்காவின் குரலும் போய்விடும். பரவாயில்லை. மயங்கி விழுவதை இரண்டாம் தடவை காட்ட மாட்டேன்.

18:21

துடைத்துவிட்டேன்

திரை இருட்டு. அம்மா குரல் இல்லை. யாரும் பார்க்கவில்லை
நன்றாக இருக்கிறது

வால்வு வலது பக்கம். மறக்க வே

பதிவு 220
மார்ச் 5. 19:00
பதிந்தது: காவல்

பாதுகாவலர் அனுமதி கிடைத்தது. உள்கதவு திறந்தது. யாரும் வரவில்லை.

பாதுகாவலரின் செய்தி: "கேமரா ஏன் இருட்டா இருக்குது? வெளிய வா கண்ணு. கதவத் தொறந்துட்டேன், எல்லாரும் காத்துட்டிருக்காங்க."

19:09. குழந்தை நிலையத்தில் இல்லை. தரையில் அந்நியர் ஒருவர். அசைவு இல்லை.

19:10. குழந்தையின் உடைமை ஒன்று கிடைத்தது: பதிவேடு. குழந்தை போட்ட பூட்டு செல்லாது. திறந்து பாதுகாவலருக்கு அனுப்பப்பட்டது.

19:11. பாதுகாவலர் படிக்கவில்லை. வெளியிட ஒப்புதல் தந்தார். உடன் சேர்த்த குறிப்பு: "என்ற கண்ணு டைரி எழுதியிருக்குதுங்க! மொதல்ல நீங்க படிங்க. எப்புடி இருக்குதுன்னு கமெண்ட்ல சொல்லுங்க."

19:12. முகப்புப் படம் தேவை. நிலையத்தில் உள்ள ஒரே முகம் எடுக்கப்பட்டது. பொருந்தவில்லை. இடது கன்னத்தில் கறுப்பு மச்சம் சேர்க்கப்பட்டது.

பொருந்தியது.