கருமலைச் சுரங்கத்தின் மரத்தூண்கள்

மலை நிலைக்க, மழை பொய்யாதிருக்க, உலைத்தீ அவியாதிருக்க!

ஏழு உலைகளும் இரு துறைமுகங்களும் உடைய வெஞ்சிநாட்டுப் பேரரசி நன்முகை நாச்சியார் திருவடிக்கு, அமைச்சர் பொறையூர் உடையார் கருமலையிலிருந்து எழுதுவிக்கும் ஓலை. இங்கு அனைவரும் நலம். அதை எழுதக் கிடைத்ததே பெரும்பேறு.

கல் சுமக்கும் கூலியாளாக மலையேறி, தாமே உலை மூட்டி, முப்பது ஆண்டுகளில் இந்நாட்டின் ஏர்க்கொழுவும் வாளும் நங்கூரமும் தம் பட்டறையில் பிறக்கச் செய்தவர் உலைநாயகம் மாசாத்தனார். அவர் அரண்மனை ஆணையை மீறிச் சுரங்கத்தில் இரும்புத்தூண் நிறுத்த மறுத்ததும், தம் இரும்பைத் தாமே நம்பாதவர் என அமைச்சர் குற்றம் எழுதியதும், உலைநாயகப் பட்டம் பறித்து அவரை நாடு கடத்தும் தீர்ப்போலையைத் தேவியார் அமைச்சர் கையிலேயே தந்தனுப்பியதும் தாமே அறிந்தவை.

தீர்ப்பைப் படிக்குமுன் அந்த மரத்தூண்களின் அழகையும் பார்த்துவிடுவோம் என்று அமைச்சர் நேற்று முற்பகல் சுரங்கத்துள் இறங்கினார். இரும்பு விளையும் மலையில் மரத்துக்கு என்ன வேலை என்று அவர் வினவ, கல்லுடைக்கும் சடைச்சி என்பவள், மூங்கில் பல்லக்கில் வந்திறங்கியவர் இதைக் கேட்கலாமா என்றாள். எல்லோரும் சிரித்தனர். மாசாத்தனார் சிரிக்கவில்லை; அவர் காது தூண்மேல் இருந்தது. இரும்பு தாங்கும்வரை தாங்கிச் சொல்லாமல் முறியும், மரமோ முறியுமுன் முனகும், அந்த முனகல்தான் உள்ளிருப்போர்க்கு உயிர் என்று அவர் விண்ணப்பித்துக்கொண்டிருக்கையிலேயே தூண் முனகிற்று.

அவர் அமைச்சரின் பட்டு உத்தரீயத்தைப் பற்றி இழுத்து, ஓடடா என்று ஒருமையில் பணித்தார். அமைச்சரும் ஓடினார். தலைப்பாகையும் இலச்சினைப் பையும் தீர்ப்போலையும் உள்ளேயே தங்கிவிட்டன. இருநூற்றுப் பதினால்வர் வெளியேறினர். கடைசியாக மாசாத்தனார் வர, அவர் முதுகுக்குப் பின்னே கூரை இறங்கிற்று. அமைச்சர் புழுதியில் அமர்ந்து, சடைச்சி நீட்டிய கஞ்சியை வாங்கிக் குடித்தார்.

ஆகையால் விண்ணப்பம்: மலை விழுங்கிய தீர்ப்போலைக்கு இன்னொரு படி எழுத வேண்டாம். ஒருமையில் விளித்த குற்றத்தை அமைச்சர் ஓடும்போதே மன்னித்துவிட்டார்.

அமைச்சர் இடும் ஆணை: அரண்மனை ஆணைப்படி வார்த்து வைத்த நாற்பது இரும்புத்தூண்களும் உருக்கிக் கஞ்சிக் கொப்பரைகள் ஆகக் கடவன. இனிச் சுரங்கத்துக்கு ஆணை எழுதுவோர் எவரும், ஒரு பகல் உள்ளிருந்து மரத்தின் குரல் கேட்டபின்பே எழுத்தாணி எடுக்கக் கடவர்.

இலச்சினை மலைக்குள் கிடப்பதால், கருமலைப் புழுதி தோய்ந்த அமைச்சரின் கட்டைவிரலே இதற்கு முத்திரை.