பலகையின் மறுமுனை

1987 பிப்ரவரி 9, திங்கள்

காலையில் பனி. பட்டறைக் கதவு உப்பிப்போய்த் திறக்க வரவில்லை. தோளால் இடித்துத்தான் திறந்தேன். உள்ளே எலிப் புழுக்கை, சிலந்தி. பெருக்கவே மத்தியானம் ஆகிவிட்டது.

சேத்தூர் அரவைமில்காரரின் சாப்பாட்டு மேசை. கால்களை என் வீட்டுக்காரர் முடித்துவிட்டார். மேல்பலகைக்கு ஐந்து தேக்குப் பலகை, ஓரம் இழைத்துச் சுவரில் சாய்த்து வைத்தபடி. ஒட்டுவதுதான் பாக்கி. ஐப்பசியில் அவர் தவறிப்போனார், அன்றிலிருந்து அப்படியே நிற்கிறது.

நேற்று அண்ணன் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்தார். கத்தரிக்காய், வாழைப்பழம்.

"ஏட்டி, ஒத்தையில இங்க கெடந்து என்ன செய்யப் போற? மாசி முடியுமுன்ன வந்துரு. மாடி ரூமு சும்மாதான் கெடக்கு. பட்டறைச் சாமானுக்கும் ஆள் பாத்துட்டேன்."

நல்ல மனசுதான். ஆனால் மாடி ரூம் வாழ்க்கை எனக்குத் தெரியும். கூப்பிட்டால் இறங்கிச் சாப்பிட வேண்டும், கூப்பிடாவிட்டால் மேலேயே இருக்க வேண்டும். சொல்லிவிட்டேன்: இந்த மேசையை நானே ஒட்டிப் பார்க்கிறேன். ஒட்டு பிரியாமல் நின்றால் இங்கேயே இருந்து பட்டறையை நடத்துகிறேன், நிற்காவிட்டால் வருகிறேன். சிரித்தார்.

வாங்க: பசை, மண்ணெண்ணெய், பூண்டு.

பிப். 11, புதன்

ஒட்டினேன். ஒட்டினேன் என்றா சொல்வது? மல்லுக்கட்டினேன்.

கல்யாணமான வருஷத்திலிருந்து, பலகை ஒட்டுகிற அன்று மட்டும் நான் அடுப்படியில் இல்லை. பலகைகளை நெருக்கிப் பிடிக்கிற கிளாம்புகளில் ஒரு முனையில் இருப்பதை அவர் திருகுவார், மறுமுனைக் கிளாம்பை நான். "இறுக்கு... இறுக்கு... போதும்." அந்தப் போதும் எப்போதும் அவர் பக்கத்திலிருந்துதான் வரும். கூலிக்கு ஆள் இருந்தாலும் மறுமுனைக்கு என்னைத்தான் கூப்பிடுவார். அதில் எனக்கு ரகசியமாக ஒரு கர்வம்.

இன்று இந்த முனையை இறுக்கினால் அந்த முனையில் பலகை ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிறது. அங்கே ஓடினால் இங்கே வழுக்குகிறது. பசை காய்ந்துவிடுமோ என்ற பயம் வேறு. கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாக் கிளாம்பையும் திருகினேன், திருகினேன், கை மரத்துப்போகிற வரைக்கும். பசை வழிந்து தரையெல்லாம். நிறுத்தச் சொல்ல ஆள் இல்லை.

சாயங்காலம் குழாயடியில், நான் வருவது தெரியாமல் இரண்டு பேர்: "ஆம்பள இல்லாத பட்டறையில என்னத்தப் போட்டுத் தட்டுதா?" "வெறகு ஒடைக்கா போல." கேட்காத மாதிரி குடத்தை வைத்தேன்.

பிப். 12, வியாழன்

கிளாம்பைக் கழற்றினேன். பலகை நேராக, அழகாக இருந்தது. ஒரு நிமிஷம் சந்தோஷம். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். நடுவில் உள்ளீடு இல்லாத சத்தம். ஓரத்தைப் பிடித்து அழுத்தினதும் டப் என்று இரண்டாகிவிட்டது. மற்ற இணைப்புகளும் கையோடு வந்தன.

உள்ளே பார்த்தால் மரம் வெறுமையாக இருக்கிறது. பசையே இல்லை. அத்தனையையும் நானே நெருக்கிப் பிழிந்து வெளியே தள்ளியிருக்கிறேன். இறுக்க இறுக்க நல்லது என்ற நினைப்பு.

ஏசினேன். அவரைத்தான். இத்தனை வருஷம் போதும் போதும் என்றீர்களே, எதைப் பார்த்துச் சொல்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாயா தேய்ந்திருக்கும்? நானும் ஒரு நாளும் கேட்கவில்லை. நாளைக்கும் அவர் இருப்பார் என்றால் யார் கேட்பார்கள்? அழுகை. உலை வைக்கவில்லை.

பிப். 15, ஞாயிறு

மூன்று நாளும் காய்ந்த பசையைச் சுரண்டி, ஓரங்களைத் திரும்ப இழைப்பதிலேயே போயிற்று. மேசை கொஞ்சம் ஒடுங்கும். பரவாயில்லை. தோள்பட்டையில் தைலம்.

துண்டுக் கட்டைகளை ஒட்டிப் பார்த்தேன். இறுக்கம் குறைந்தால் இணைப்புக் கோடு வாயைப் பிளக்கிறது. கூடினால் உள்ளே வறண்டு போகிறது. நடுவில் ஓர் இடம் உண்டு. கோடு நெடுகிலும் கடுகு கடுகாகப் பசை எட்டிப்பார்க்கும். அங்கே நிறுத்த வேண்டும். அவர் வெளிச்சத்துக்கு எதிரே குனிந்து குனிந்து பார்த்தது இதைத்தான் போல. பலகையைக் கும்பிடுகிறாரா என்று கேலி செய்திருக்கிறேன்.

மறுமுனைக்கு வழி: மேலே ஒரு குறுக்குச் சட்டம், கீழே ஒன்று, ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவில் பேப்பர். இரண்டையும் பழைய சைக்கிள் டியூபால் சுற்றி இழுத்துக் கட்டினால் பலகை ஏறாது. கிளாம்பு ஒன்று மேலாக, ஒன்று கீழாக. எல்லாம் ஒரே பக்கம் என்றால் பலகை அப்பளம் மாதிரி வளைந்துவிடும். பசை போடாமல் ஒரு தடவை முழுக்கச் செய்து பார்த்தேன். என் வேலையை ரப்பர் டியூப் செய்கிறது.

பூண்டு வாங்க மறந்தாயிற்று.

பிப். 16, திங்கள்

ஒட்டியாயிற்று. கடுகு வந்ததும் நிறுத்தினேன். இன்னும் ஒரு சுற்று திருகச் சொல்லிக் கை பரபரத்தது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

சொல்ல ஆள் இல்லை. துணி காயப்போடும்போது பக்கத்து வீட்டுக்காரியிடம், "மேசை ஒட்டிட்டேன்" என்றேன். "சாப்ட்டியாக்கா?" என்றாள். பாவம், நல்லவள்தான்.

பிப். 21, சனி

நின்றது. இழைத்து, தேய்த்து, காலில் பொருத்தி, நானே மேலே ஏறி உட்கார்ந்தும் பார்த்துவிட்டேன்.

மில்காரர் வேனோடு வந்தார். மேல்பலகையைத் தடவித் தடவிப் பார்த்தார். "ஒட்டுன எடமே தெரியலயே ஆசாரியம்மா! ஆசாரி கைபட்ட கடைசி வேலை. எங்க வீட்டுல ஆயுசுக்கும் கெடக்கும்." அவர் கண் கலங்கிவிட்டது. சொல்ல வாயைத் திறந்தேன். அந்தக் கண்ணைப் பார்த்து எப்படிச் சொல்வது? தலையாட்டினேன். வேன் போன பிறகு, "ஒட்டுனது நான்" என்று காலிப் பட்டறைக்குச் சொன்னேன். மடச்சி.

கடையிலிருந்து அண்ணனுக்குப் போன். "அண்ணே, நின்னுருச்சு."

"என்னது நின்னுருச்சு?"

"மேசை."

"ஓ, மச்சான் ஆரம்பிச்சத முடிச்சிட்டியா? நல்லதாப் போச்சு. வெள்ளிக்கெழம வண்டியோட வாரேன். சாமானக் கட்டி வையி."

நின்றால் இங்கேயே இருப்பேன் என்று அவரிடம் சொன்ன பேச்சு எனக்கு மட்டும்தான் ஞாபகம். எடுத்துச் சொல்லத் தெம்பில்லை. மேசை செய்ததையே யாரும் நம்பாதபோது எதை வைத்துப் பேசுவது? சரி என்றேன்.

பிப். 24, செவ்வாய்

வெயில் ஏறிவிட்டது. கிளாம்புகளுக்கு எண்ணெய் போட்டுச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு ஆள். தளவாய்புரமாம், ஜவுளிக்கடை வைத்திருக்கிறாராம்.

"சேத்தூர் மில்லுக்காரர் வீட்டுல ஒரு மேசை பாத்தேன். அதச் செஞ்ச ஆசாரி வீடு இதானா? அவியளப் பாக்கணும். கடைக்குத் துணி விரிக்க நீளமா ஒரு மேசை வேணும்."

"அவிய இல்ல. ஐப்பசியிலயே தவறிட்டாவ."

"அடடா. மேசை இப்பத்தான வந்துச்சுன்னாரு?"

"அத ஒட்டுனது நாந்தான்."

ஒரு செருப்பைக் கழற்றியிருந்தார். இன்னொன்று காலில். அதைக் கழற்றவும் இல்லை, கழற்றினதைத் திரும்ப மாட்டவும் இல்லை. என் கையைப் பார்த்தார். நகக்கண்ணெல்லாம் காய்ந்த பசை. மறைக்கவில்லை.

சாக்குக்குள் கைவிட்டு அளவு டேப்பைத் தேடி எடுத்தேன்.

"அகலம் எம்புட்டு வேணும்?"