ஊளையிடும் கிட்டார்

மார்ச் 3

இன்றும் ஒத்திகையில் ஊளை. ஸ்பீக்கரில் போன சத்தம் திரும்பி வந்து என் கிட்டாரின் வயிற்றுக்குள் புகுந்து ஓவென்று கிளம்பிவிட்டது. உள்ளே வெறும் கூடாக இருக்கும் எலெக்ட்ரிக் கிட்டார் என்றால் இந்தத் தொல்லை உண்டு. அண்ணி டிரம்ஸ் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டார். பாஸ் கிட்டார் வாசிக்கும் அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். பெண்டாட்டிக்கும் தங்கைக்கும் நடுவில் மாட்டினால் அவன் எப்போதும் அப்படித்தான்.

அக்டோபரில் பெரிய அரங்கில் நிகழ்ச்சி. அதற்குள் ஊளை அடங்காவிட்டால் நான் கெட்டிப் பலகை கிட்டாருக்கு மாற வேண்டுமாம். அது கிட்டாரா? துணி தேய்க்கிற பலகை.

மார்ச் 5

எனக்கு முன்னால் என் கிட்டாரை வைத்திருந்தவர் கப்பலின் சாப்பாட்டுக் கூடத்தில் வாசித்தவர் என்று கடைக்காரர் சொன்னார். உப்புக் காற்றில் வெளுத்த பளபளப்பு இன்னும் அப்படியே இருக்கிறது. வாங்கி வந்த அன்று மேலே உள்ள வளைந்த துளை வழியாக இரண்டு சாக்ஸை உருவி எடுத்தேன். ஊளையை அடக்க அவர் திணித்தவை! அண்ணி மறுபடி திணிக்கச் சொல்கிறார். திணித்தும் பார்த்தேன். ஊளை நின்றது, கூடவே குரலும் போய் ஜலதோஷம் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. உடனே எடுத்துவிட்டேன். இத்தனை கடல் பார்த்த உடம்புக்கு மூச்சு முட்ட வேண்டுமா?

மார்ச் 29

கர்ப்பம் பார்க்கும் பட்டையில் இரண்டு கோடு. அண்ணியின் தம்பியான என் வீட்டுக்காரர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது.

ஜூலை 19

ஊளை. சண்டை. வாந்தி வேறு.

செப்டம்பர் 6

நம்பவே முடியவில்லை. ஒத்திகை முழுக்க ஊளையே இல்லை! என்ன செய்தாய் என்று அண்ணி கேட்டார். நான் என்னத்தைக் கண்டேன்? அண்ணன்தான் கண்டுபிடித்தான் — கிட்டாரின் முதுகு என் வயிற்றில் அப்பிக் கிடக்கிறது, அதிர இடமில்லை. ஆனால் குரல் அப்படியே இருக்கிறது. அண்ணி என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீ இப்படியே இருந்துடேன்" என்றார்.

உள்ளே ஓர் உதை. அது யார் கட்சியோ தெரியவில்லை.

அக்டோபர் 11

அரங்கு நிறைந்த கூட்டம். கை எட்டாமல் நாற்காலியில் சாய்ந்து வாசித்தேன். ஒரு ஊளை இல்லை. தலைகால் புரியவில்லை எனக்கு.

நவம்பர் 27

பெண். அண்ணியின் மூக்கு.

பிப்ரவரி 8

வயிறு இறங்கியது, ஊளை ஏறியது. முதல் பாட்டிலேயே. அண்ணி குச்சிகளைக் கீழே வைத்தார். அவ்வளவுதான், இனிமேல் பலகைதான். இந்தக் கிட்டாரை விட்டுவிட்டு என்னத்தை வாசிக்க?

அப்போதுதான் கவனித்தோம். பக்கத்து அறையில் வீட்டையே இரண்டாக்கிக்கொண்டிருந்த குழந்தை கப்சிப். கம்பியை அமுக்கினேன், ஊளை நின்றது, அழுகை ஆரம்பித்தது. விட்டேன், ஊளை வந்தது, அழுகை நின்றது. வீட்டுக்காரர் கதவைத் திறந்து, தயவுசெய்து நிறுத்தாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

அண்ணி குச்சிகளைக் கையில் எடுத்தார். "நீ எக்கேடு கெட்டுப் போ. என் மருமகளுக்குப் பிடிச்சிருக்கு. வாசி."

மார்ச் 1

புதுப் பாட்டு. அண்ணியே போட்ட தாளம். ஊளையை ஒரு நொடி தாமதமாக எழுப்பியதற்கு இன்று நன்றாகத் திட்டு வாங்கினேன்.