பஞ்சை அழுத்திய நேரம்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும் என்பதை இந்தத் தடவை சம்பிரதாயத்துக்காக எழுதவில்லை. போனில் பேசினால் பாதியிலேயே சிரித்து மழுப்பிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

போன கடிதத்தில் எங்கள் ஆய்வுக்கூடத்துக் காளானைப் பற்றி ஒரேயடியாக அளந்துவிட்டேன். மட்கிய கட்டையில் முளைத்து அரக்கு பூசியதுபோல் மின்னுகிறது, கத்தி கூட இறங்காது, எத்தனையோ நோய்க்கு மருந்தாம் என்றெல்லாம். அதைப் படித்துவிட்டு நீ கடையில் பொடி வாங்கி, காலையும் மாலையும் கஷாயம் வைத்துக் குடிக்கிறாயாம். அத்தான் சொன்னார். பித்தப்பை ஆபரேஷனுக்கு நாள் குறித்த டாக்டரிடம் மூச்சு விடவில்லையாம். உன் கல்லுளிமங்கத்தனம் எனக்குத் தெரியாததா?

என் வேலை எலிகளைப் பார்த்துக்கொள்வது. மொத்தம் நாலு கூட்டம். ஒன்றுக்கு வெறும் தண்ணீர். மற்ற மூன்றுக்கும் காளான் சாறு, கொஞ்சம், நடுத்தரம், மிக அதிகம் என்று. மூன்று மாதமாகக் கொடுத்து எடை பார்க்கிறோம். அதிகம் குடித்தவையும் ஓடியாடித்தான் திரிகின்றன. என் உள்ளங்கையில் அடங்குகிற உடம்பு அக்கா. அதற்குள் நமக்கு இருக்கிற கல்லீரல், சிறுநீரகம், இதயம் எல்லாம் இருக்கின்றன. நாம் குடிக்கப்போவதை நமக்கு முன்னால் அது குடித்துப் பார்க்கிறது. தினமும் கையில் எடுக்கும்போது எனக்கு மலைப்பாகத்தான் இருக்கும்.

போன வாரம் ரத்தம் எடுத்தோம். வால் நுனியில் குத்தி எடுத்ததும் பஞ்சை வைத்து அழுத்துவேன். முப்பது எண்ணுவதற்குள் நின்றுவிடும். தண்ணீர்க் கூட்டத்துக்கு அப்படித்தான் நின்றது. மிக அதிகம் குடித்த எலிக்கு நூறு எண்ணியும் நிற்கவில்லை. என் கைதான் சரியில்லையோ என்று அடுத்ததை எடுத்தேன். அதற்கும் அதே கதை. அந்தச் சின்ன வாலைப் பிடித்தபடி, கத்தி படப்போகும் உன் வயிற்றை நினைத்துக்கொண்டேன்.

எங்கள் மேடம் முடிவுகளைப் பார்த்துவிட்டு, கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ரத்தம் உறையத்தான் லேட்டாகுது, இன்னொரு தடவை பாக்கணும், அதுவரைக்கும் வெளிய சொல்லாதீங்க என்றார். நீ எனக்கு வெளியாளா?

எலி வேறு, நீ வேறு. நீ குடிக்கிற அளவும் அவ்வளவு இருக்காது. எல்லாம் தெரியும். ஆனாலும் தன் உடம்பில் நடந்ததை அந்த ஜீவன் ஒளிக்கவில்லை. அதற்கு ஒளிக்கத் தெரியாது. இன்னும் சில நாளில் உறுப்புகளைப் பரிசோதிக்க அதன் உயிரையும் எடுத்துவிடுவோம். அதைக் கும்பிடத் தோன்றுகிறது எனக்கு.

கஷாயத்தை இன்றோடு நிறுத்து. நாளைக்கே டாக்டரிடம் போய்ச் சொல். ஆபரேஷன் தேதி தள்ளிப்போனால் போகட்டும். சொல்ல வெட்கமாக இருந்தால் இந்தக் கடிதத்தையே அவரிடம் நீட்டு. அறிவில்லாத தங்கச்சி பேச்சைக் கேட்டுக் குடித்தேன் என்று பழியை என் மேல் போடு, சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன். எல்லாம் முடிந்து எழுந்து உட்கார்ந்ததும், உன் கையாலேயே என்னைத் திட்டி நாலு பக்கம் எழுது.

அந்தத் திட்டுக்குக் காத்திருக்கும்
உன் தங்கை